720720: எந்தப் பெயரில் அச்சேற்றுவது?

தென்காசி ஆசிரியை:
அன்பர்களே, டிசம்பர் 22 கணித நாளுக்காக 720720 பற்றிச் சுவர்ப்படம் தயாரிக்கிறோம். 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் இது. காரணிகள் 240, இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இந்த வகையைப் பற்றித்தான் இராமானுஜன் 1915இல் நீண்ட கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில் 'ஹைலி காம்போசிட்'. தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

கோவைப் பொறியாளர்:
'மீபகு எண்'. 'காம்போசிட்' என்பது பகு எண், அதாவது 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணியும் உள்ள எண். 'ஹைலி'க்கு 'மீ'. மீயொலி, மீத்திறன் எல்லாம் பழகிவிட்டனவே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மீயை அடுத்து வல்லினம் இயல்பாகவும் வரலாம், மிகுந்தும் வரலாம். நன்னூல் இடம் தருகிறது. ஆனால் 'பகு' தனிக்குறிலை அடுத்த முற்றியலுகரம். வகர உடம்படுமெய் பெற்றுப் 'பகுவெண்' என்று சேர்த்தே எழுதுக. பகல், பகுதி, பக்கம், பகை எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை. 'பகவன்'கூட என்பேன், விரிவாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து அன்பர்:
ஐயா, எங்கள் பாடநூல்களில் பகு எண் இல்லை, சேர்த்தி எண். பகா எண் என்பது முதன்மை எண். 'மீபகு' எங்கள் பிள்ளைகளுக்கு விளங்காது.

தென்காசி ஆசிரியை:
எனக்கு வேறு சிக்கல். இந்த வரிசை 1, 2, 4, 6, 12, 24 என்று போகிறது. 2 பகா எண். 1 பகுவும் இல்லை, பகாவும் இல்லை. 'மீபகு' என்று தலைப்பிட்டு அதன் கீழே 2ஐப் போட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளையே கையைத் தூக்கும்.

கோவைப் பொறியாளர்:
ஆங்கிலப் பெயரிலும் அதே ஓட்டைதான். யாரும் அழவில்லை.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
ஓட்டையையும் சேர்த்தா இறக்குமதி செய்வது? 'காரணிமிகு எண்' என்போம்.

தென்காசி ஆசிரியை:
தன்னை நீக்கிய காரணிகளின் கூடுதல் தன்னை விஞ்சும் எண்ணை 'மிகையெண்' என்கிறோம். 720720க்கு அந்தக் கூடுதல் 25,29,072. ஒரே படத்தில் மிகுவும் மிகையுமா?

யாழ்ப்பாணத்து அன்பர்:
'முந்துகாரணி எண்'. காரணி எண்ணிக்கையில் தனக்குச் சிறியவற்றை எல்லாம் முந்துகிறது அல்லவா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்றது குறள். 'ஈகையெண்' என்றால் என்ன?

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
இலக்கங்களின் கூடுதலான 18ஆலும் 720720 வகுபடுகிறது. இந்த வகைக்குத் தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் கப்ரேகர் வைத்த பெயர் 'ஹர்ஷத்', உவகை தருவது என்று பொருள். அதையும் 'உவகையெண்' ஆக்கிவிடலாமே.

மட்டுறுத்துநர்:
உவகைக்குத் தனி இழை தொடங்குங்கள்.

தென்காசி ஆசிரியை:
அச்சகத்தில் இருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். மூவர் மீபகு, இருவர் முந்துகாரணி. 'மீபகு எண்' என்று போட்டு, 1க்கும் 2க்கும் உடுக்குறி இட்டு விளக்கம் சேர்க்கிறேன்.

யாழ்ப்பாணத்து அன்பர்:
எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கம் 'முந்துகாரணி' என்றே எழுதுவோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
உடம்படுமெய் என்னவாயிற்று?