குகைக்குள்ள பார்த்த வண்டு: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

சிப்புட்_தோட்டத்தான்:
மலேசியாவுல பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் வளர்ந்தவங்களுக்குச் சுண்ணாம்பு மலையைப் பத்திச் சொல்லவே வேணாம். செம்பனை வரிசை முடியற இடத்துலயே செங்குத்தா நிக்கும். அனுமதி வாங்கி வந்த ஆராய்ச்சிக் குழு ஒண்ணுக்கு வழி காட்டப் போயிருந்தேன். வெளிச்சம் முழுசா அத்துப்போன இடத்துல வௌவால் எச்சம் காலடியில மெத்துனு அமுங்குது. மேலே கரப்பான் மொய்க்குது. ஓரத்து ஈரக்கல்லைப் புரட்டினதும் அரிசிமணி அளவுல செம்பழுப்பா ஒண்ணு விருட்டுன்னு ஓடுச்சு.

குழுவுல இருந்த அக்கா அதைக் குப்பியில பிடிச்சு, லென்ஸை என் கையில கொடுத்து, "பாதத்துக் கணுவை எண்ணுங்க தம்பி"ன்னாங்க. எல்லாக் கால்லயும் அஞ்சஞ்சு. பின்னங்கால்ல மட்டும் நாலு இருந்தா, எச்சத்துல நிறைய திரியற வேற குடும்பத்துக் கறுப்பு வண்டாம். அப்புறம் மல்லாக்கத் திருப்பினோம். பின்னங்காலோட அடித்துண்டு, வயித்தோட முதல் வளையத்தை நடுவுல வெட்டிட்டுப் போகுது. மத்த அடையாளமும் ஒத்துப்போக, தரைவண்டுதான்னு சொன்னாங்க, பெரும்பாலும் தரையில ஓடி இரை பிடிக்கற வண்டுக் குடும்பம். கண்ணும் இருந்துச்சு, சின்னதா. குகையில கிடைச்சதெல்லாம் குகையிலேயே பிறந்து வாழறது இல்லைங்கறது அன்னிக்குத்தான் எனக்கு விளங்குச்சு. சீனாவுல குவாங்சி குகையில 2017ல பேர் வச்ச சுவேடைட்ஸ் பெல்லஸ்ங்கற தரைவண்டு மாதிரி முழுக்க இருட்டுக்கே ஆனதுக்குக் கண்ணே கிடையாது. தலையும் கழுத்தும் காலும் நீண்டுபோயிருக்கும்.

இது இதுவரைக்கும் பேர் வைக்காத புது வகையான்னு கேட்டேன். உடனே சொல்ல முடியாதாம். ஆண் வண்டோட இனப்பெருக்க உறுப்பைப் பிரிச்சு எடுத்து, அருங்காட்சியகங்கள்ல இருக்கற மூல மாதிரிகளோட, அதாவது ஒரு வகைக்குப் பேர் வைக்கறப்போ ஆதாரமா எடுத்து வச்ச வண்டுகளோட, ஒப்பிடணும். பல வகைகளுக்கு வெளித்தோற்றம் ஒண்ணுபோலவே இருக்குமாம்.

கோப்பேங்_அக்கா:
குவா தெம்புரோங் குகையில நானும் அந்தக் கறுப்பு வண்டைப் பார்த்திருக்கேன் தம்பி, எச்சத்து மேல கூட்டமா. கணுவை எண்ணலாம்னு தெரியாம போச்சே!

பழைய_மண்டோர்:
குகை இல்ல, காட்டோரம். சாய்ஞ்ச மரத்துத் தட்டுக்காளான்ல இலை மாதிரி தட்டையா, வயலின் வடிவத்துல ஒண்ணைப் பார்த்தேன். அதுவும் தரைவண்டுக் குடும்பம்னு பிறகு பேரப்பிள்ளை படிச்சுச் சொன்னான்.

சிப்புட்_தோட்டத்தான்:
ஆமாங்கய்யா, மோர்மோலைஸ். நம்ம காட்டுச் சொத்து.

என் கவலை வேற. மலைக்கு மலை காடும் தோட்டமும் குறுக்கே கிடக்கறதால, ஒரு மலையில இருக்கறது பக்கத்து மலையில இல்லாமலே போகலாம். குனோங் கந்தான் மலையில மட்டுமே தெரிய வந்த, வளை வாசலுக்குக் கதவு போட்டு வாழற பொறிக்கதவுச் சிலந்தி ஒண்ணு இருக்கு. பகாங்ல புக்கிட் பஞ்சிங் மலையைக் கல்லுக்காக உடைச்சுத் தீர்த்தப்போ, அங்க மட்டுமே வாழ்ந்த குட்டி நத்தை ஒண்ணு அழிஞ்சே போச்சு. அதுக்காவது பேர் இருந்துச்சு. பேர் வைக்கறதுக்கு முன்னாடியே போன வண்டு எத்தனையோ!

கோப்பேங்_அக்கா:
இனிமே பார்த்தா நாங்க என்ன செய்யணும்?

சிப்புட்_தோட்டத்தான்:
அனுமதி இல்லாம பிடிக்காதீங்கக்கா. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டுல ஒரு படம். மலைப் பேர், தேதி, வாசல்லேர்ந்து எவ்வளவு உள்ளே, எச்சத்து மேலயா கல்லுக்கு அடியிலயா, இதெல்லாம் எழுதி வையுங்க. இடம் எழுதாத படத்தை ஆராய்ச்சிக்காரங்க கையில கொடுத்தாலும் பெரிசா ஒண்ணும் செய்ய முடியாது. புரட்டின கல்லை இருந்தபடியே திருப்பி வச்சிடுங்க.