மறுமொழி: ஜிபிஎஸ்ஸுக்கு 'இடங்காட்டி' சரிவராது

எல்லாருக்கும் வணக்கம்.

போனில் நாங்கள் நிற்கிற இடத்தை அறிய உதவும் ஜிபிஎஸ்ஸுக்குத் தமிழ்ச் சொல்லாக அண்ணை முன்வைத்த 'இடங்காட்டி' வாயில் லேசாக வருகிற சொல்தான். ஆனால் இங்கே கனபேர் ஏற்கனவே நம்பிக்கொண்டிருக்கிற ஒரு பிழையான எண்ணத்தை அது இன்னும் உறுதியாக்கிவிடும் என்பதால் எழுதுகிறேன். மேலே நிற்கிற செய்மதி (செயற்கைக்கோள்) எங்களைப் பார்த்து, 'நீ இப்ப கோண்டாவிலில் நிற்கிறாய்' என்று போனுக்குச் சொல்கிறது என்பதுதான் அந்த எண்ணம். செய்மதிக்கு எங்கள் போன் இருப்பதே தெரியாது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தான் எங்கே நிற்கிறது, தன் அணுக்கடிகாரத்தில் நேரம் என்ன என்ற இரண்டையும் கேட்கிறவர் எல்லாருக்கும் பொதுவாக அனுப்பிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சைகை (சிக்னல்) வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கித் தூரம் காண்பது போன். மூன்று தூரம் தெரிந்தால் இடம் கிடைத்துவிடும் என்று பள்ளிக் கணக்கு சொல்லும், ஆனால் போனில் இருப்பது மலிவான கடிகாரம், அது ஒரு செக்கனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீற்றர் தவறிவிடும், அதனால் நான்காவது செய்மதியையும் கேட்டுத் தன் கடிகாரப் பிழையையும் சேர்த்தே கணக்குப் பார்க்கிறது. இவ்வளவும் எங்கள் கைக்குள் நடக்கிற வேலை.

ஆகவே என் முன்மொழிவு: செய்மதி இடங்கணிப்பு. போனுக்குள் அதைச் செய்கிற சில்லு (சிப்), இடங்கணிப்பி. ஜிபிஎஸ் அமெரிக்கத் தொகுதியின் பெயர், அது அப்படியே இருக்கட்டும். இன்றைய போன்கள் பல ரஷ்யாவின் குளொனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தூ எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கின்றன, இவற்றுக்கெல்லாம் பொதுவான பெயர்தான் எங்களுக்கு வேண்டியிருக்கிறது.

> கணிப்பு என்றால் உத்தேசம் என்று பொருள்படுமே, கருத்துக்கணிப்பு மாதிரி?

படட்டும், அதுதான் உண்மையும். நல்லூர்க் கோயிலின் வெளிவீதியில் வானம் திறந்திருக்க நின்று வரைபடத்தைப் பாருங்கள், புள்ளியைச் சுற்றி நீலவட்டம் சின்னதாக இருக்கும். அப்படியே ரவுணுக்குள் வந்து மாடிக் கட்டடங்களுக்கு இடையில் நின்றால் வட்டம் பெருத்துவிடும், சில வேளை புள்ளி பக்கத்து ஒழுங்கைக்கே போய்விடும். சைகை சுவரில் பட்டுத் தெறித்து நீண்ட வழியால் வருவதும், பாதி வானம் மறைந்துபோவதும்தான் காரணம். இந்த வட்டத்துக்குள் எங்கேயோ நிற்கிறாய் என்பதுதான் போன் தருகிற விடை. இதைக் 'காட்டி' என்று சொல்வதைவிடக் 'கணிப்பு' என்பது நேர்மையானது.

> டேட்டா இல்லாவிட்டால் வேலை செய்யாதே, இணையம் என்பதும் பெயரில் வரவேண்டாமா?

இல்லைத் தம்பி. குருநகர், மயிலிட்டிப் பக்கம் கடலில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். போன் கோபுரத்தின் சைகை விடுபட்ட பிறகும் புள்ளி தெரிந்துகொண்டே இருக்கும், முன்கூட்டி இறக்கிவைக்காத வரைபடம்தான் வெறுமையாகும். டேட்டா உதவுவது தொடக்கத்தில். ஜிபிஎஸ் செய்மதி தன் விவரங்களைச் செக்கனுக்கு 50 பிட் என்ற வேகத்தில்தான் அனுப்புகிறது. அந்த ஒரு செய்மதியின் நுட்பமான பாதை விவரம் வந்துசேர 30 செக்கன் வரை போகும், எல்லாச் செய்மதிகளும் எங்கெங்கே நிற்கும் என்ற பருமட்டான அட்டவணை முழுதாக வர 12.5 நிமிடம். இவற்றை இணையத்தில் சட்டென்று எடுத்துக்கொண்டால் காத்திருக்கத் தேவையில்லை. இதற்குத் துணைபெறு இடங்கணிப்பு என்று வைக்கலாம்.

டேப்லெட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. வைஃபை மட்டும் உள்ள ஐபாட்டில் இந்தச் சில்லே கிடையாது, வேறு பல மலிவான டேப்லெட்டுகளிலும் அப்படித்தான். அவை அயலில் எந்தெந்த வைஃபை கேட்கிறது என்று பார்த்து இடத்தை அனுமானிக்கின்றன. அதை வைஃபை இடங்கணிப்பு என்று சொல்லிவிடலாம், தலைச்சொல் மாறாது. 'செய்மதி' என்பதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் 'செயற்கைக்கோள்' என்று எழுதினாலும் பிரச்சினை இல்லை, 'இடங்கணிப்பு' ஒன்றாக இருந்தால் போதும்.

அப்புறம், அந்தப் பருமட்டான அட்டவணைக்குச் செய்மதிப் பஞ்சாங்கம் என்று வைக்க எனக்கு நல்ல விருப்பம். ஐந்து அங்கம் எங்கே என்று கேட்பீர்கள், தெரியும். ஆங்கிலத்திலும் அதற்கு அல்மனாக் என்ற பழைய பஞ்சாங்கப் பெயர்தான். வாக்கியமா திருக்கணிதமா என்று ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் கதைக்கிற ஊரில், வானத்தில் எது எப்போது எங்கே நிற்கும் என்று சொல்கிற அட்டவணைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. மாணவர்களுக்கு ஒரு வரி விளக்கமும் தேவைப்படாது.

ஒவ்வொரு செய்மதிக்குமான நுட்பமான பாதை விவரத்துக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'சுற்றுநிலைத் தரவு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், கொஞ்சம் இழுபடுகிறது. பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகிற, சோதிடக்காரர் வாயில் புழங்குகிற சொல் ஏதாவது இருந்தால் அண்ணைதான் சொல்லவேண்டும்.