மேலத்தெரு வீடு (குடும்பக் குழு)

நான், 4:12: பாப்பா நாளைக்கு சார்ட் கொண்டு போகணுமாம். தலைப்பு நிலத்தோற்றங்கள். மலை, பீடபூமி, சமவெளி இரண்டாம் நிலை, டெல்டா மூன்றாம் நிலைன்னு புத்தகத்துல இருக்கு. "நம்ம ஊரு மூணாவதுதானா"ன்னு முகத்தைத் தூக்கி வச்சிருக்கா.

பெரியப்பா, 4:15: அது ரேங்க் இல்லடா கண்ணுன்னு சொல்லு. பூமிக்குள்ளேருந்து வர்ற விசையில உண்டானது இரண்டாம் நிலை. அதை ஆறும் காத்தும் பனியும் அலையும் அரிச்சு, கொண்டுபோய்க் கொட்டிச் செஞ்சது மூன்றாம் நிலை.

ஓசூர் அத்தை, 4:19: முதல்ல இமயமலையை வரையட்டும். இந்தியத் தட்டு யூரேசியத் தட்டோட முட்டி எழுந்த மடிப்பு மலை. எவரெஸ்ட் 8,849 மீட்டர். வடக்கால திபெத் பீடபூமி, சராசரியே 4,500 மீட்டர்.

நான், 4:20: எல்லாம் தூரமா இருக்கே அத்தை.

ஓசூர் அத்தை, 4:21: நான் இருக்கிறதே பீடபூமிதானே! கடைக்கால் தோண்டுனப்ப நாலடியில பாறை. கம்ப்ரசர் வச்சுத்தான் உடைச்சோம்.

பெரியப்பா, 4:26: இங்க போர் போட்டப்ப 180 அடிக்கும் ஒரு கல்லு தட்டல. களி, மணல், திரும்பக் களி. அந்த மணலைக் காயவச்சு உள்ளங்கையில ஏந்திப் பார்த்தேன், காக்காப்பொன், அதான் பாறையில இருக்கிற மைக்கா, மினுக்குது. இந்த ஊர்ல ஏது பாறை? குடகு மலையையும் மைசூர் பீடபூமியையும் அரைச்சு, காவிரி 800 கிலோமீட்டர் சுமந்துட்டு வந்தது. கல்லணை தாண்டினா தரை மட்டம், ஓட்டம் தளர்ந்துடும். சுமையை இறக்கித்தானே ஆகணும்? கனத்த மணல் முதல்ல, நைஸ் வண்டல் பின்னால. வழி தூர்ந்தா பக்கத்துல வேற வழி.

நாகை சித்தி, 4:30: மிச்சத்தை எங்க பக்கம் அலை வாங்கிக்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு அந்தச் சேத்துலதான் நிக்குது.

பெரியப்பா, 4:34: 1934-ல மேட்டூர் அணை வந்ததுலேர்ந்து வண்டல் நிறைய அங்கயே தங்கிடுது. முன்னெல்லாம் ஆடிப் புதுப்புனல் செக்கச்செவேல்னு வரும், வடிஞ்சா வயல்ல விரக்கடை வண்டல் நிக்கும்னு அப்பா சொல்லுவார். அணை வேணும், குறுவையே அதை நம்பித்தான். ஆனாலும் மண்ணு வர்றது குறைஞ்சுபோனது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

நான், 4:41: பாப்பா சார்ட்டைத் திருப்பிட்டா! மேல குடகு, நடுவுல பீடபூமி, கீழ பூம்புகார். டெல்டாவுக்குக் கலர் வேணாமாம், மண்ணையே ஒட்டணுமாம்.

பெரியப்பா, 4:42: காக்காப்பொன் மணல் பொட்டலம் கட்டிட்டேன். ஆறரை பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து விடறேன், ஸ்டாண்டுல வாங்கிக்கம்மா.