11-ஆம் வகுப்பு வீடியோ தயாரிப்பு வகுப்பு: நடைமுறையில் நிற்கும் விதிகள் எவை?

கரும்பலகை (கேள்வி)

எங்கள் மேல்நிலைப் பள்ளியில் வரும் ஜூனில் 11-ஆம் வகுப்புக்கு வீடியோ தயாரிப்பு வகுப்பு தொடங்குகிறோம். மாணவர்கள் 32 பேர். கையில் இருப்பவை இரண்டு மிரர்லெஸ் கேமரா, மூன்று டிரைபாட், இரண்டு காலர் மைக், ஆய்வகத்தில் 10 கணினி. வாரத்தில் இரண்டு நாள், இரண்டு பீரியட் சேர்த்து 90 நிமிடம் கிடைக்கும்.

மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட ஒரு விதித்தாள் வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். கிடைக்கும் மாதிரிகளில் எல்லாம் 'பொருட்களைப் பத்திரமாகக் கையாளவும்', 'ஒழுக்கத்துடன் நடந்துகொள்ளவும்' என்றுதான் இருக்கிறது. உண்மையில் பயன்படும் விதிகள் எவை? மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது? சினிமாப் பாட்டு போடலாமா என்று பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள்.

முக்காலி

'பத்திரமாக' என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள் சார். அதற்கு உங்கள் கணக்கு வேறு, 16 வயதுப் பிள்ளையின் கணக்கு வேறு. கை என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். கேமராவைப் பையிலிருந்து எடுத்ததும் பட்டை கழுத்துக்குப் போக வேண்டும். கைமாற்றும்போது வாங்குபவர் 'பிடிச்சாச்சு' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கொடுப்பவர் விட வேண்டும். செய்தார்களா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அதிகக் கவனம் டிரைபாடுக்குத் தேவை. ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் இருக்கட்டும். அப்போதுதான் முன்பாரம் தாங்கும், பின்னால் நிற்பவருக்கும் இரண்டு காலுக்கு நடுவே இடம் கிடைக்கும். உயரம் வேண்டுமென்றால் முதலில் மேலே உள்ள தடித்த கால்களை இழுக்க வேண்டும், நடுத்தண்டைக் கடைசியில்தான் தொட வேண்டும். பிளேட்டை (கேமராவின் அடியில் திருகி டிரைபாடில் மாட்டும் சிறு தகடு) சொருகிப் பூட்டியதும் கேமராவை லேசாக மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். பாதி பூட்டிய பிளேட் நேராக நிற்கும்போது ஒன்றும் தெரியாது. கேமராவைச் சாய்த்ததும் கழன்றுகொள்ளும். கேமரா மாட்டிய டிரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்க அனுமதிக்காதீர்கள். திருப்பித் தரும்போது பிளேட் டிரைபாடிலேயே இருக்க வேண்டும். அது கேமராவோடு பைக்குள் போய்விட்டால் அடுத்த குழுவுக்கு அந்த டிரைபாட் வெறும் கம்பிதான்.

ஒவ்வொரு பையின் உள்மூடியிலும் பொருட்களை அடுக்கிய படத்தை ஒட்டிவிடுங்கள்: கேமரா, லென்ஸ் மூடி, பேட்டரி 2, கார்டு 2, காலர் மைக், ஹெட்போன். எண்ணிப் பார்த்துக் கையெழுத்து போடுவது வாங்கும்போதே நடக்க வேண்டும். திருப்பித் தரும்போது மட்டும் எண்ணினால் முந்தைய குழு தொலைத்தது இவர்கள் தலையில் விழும். சார்ஜ் ஏறிய பேட்டரிக்கு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள், தீர்ந்ததும் கழற்றட்டும். எது எது என்ற குழப்பம் வராது. கோடை விடுமுறைக்கு முன் பேட்டரிகளைப் பாதி சார்ஜில் வைத்துவிடுங்கள். முழுசாக ஏற்றியோ காலியாகவோ மாதக்கணக்கில் கிடந்தால் அவற்றின் ஆயுள் குறையும்.

தண்டனை விஷயத்தில் ஒன்று. உடைந்ததை அன்றே சொன்னால் மதிப்பெண் குறையாது, மறைத்து வைத்தால் அடுத்த இரண்டு முறை கேமரா கிடையாது என்று வையுங்கள். உடைத்தவர் பணம் கட்ட வேண்டும் என்று எழுதினால் விரிசல் விட்ட லென்ஸ் சத்தமில்லாமல் பைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நாலு பேராக எட்டுக் குழு பிரியுங்கள். எல்லாருக்கும் வாரந்தோறும் கேமரா என்று 45 நிமிடமாகப் பங்கிடாதீர்கள், எடுத்து மாட்டவே 15 நிமிடம் போய்விடும். இரண்டு கேமரா, இரண்டு நாள் என்றால் வாரத்துக்கு நாலு முழு வாய்ப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு குழுவுக்கு முழு 90 நிமிடம் கொடுங்கள். அதில் கடைசி 20 நிமிடம் ஃபுட்டேஜை, அதாவது எடுத்த வீடியோவை, கணினிக்கு மாற்றவும் திருப்பித் தரவும் மட்டும்.

ஒலிவாங்கி

முக்காலி சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. ஒரே ஒரு விதிதான் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் இதை வைப்பேன்: ஹெட்போன் மாட்டாமல் ரெக்கார்ட் பட்டனைத் தொடக்கூடாது. திரையில் ஒலி அளவைக் காட்டும் கம்பி ஆடினால் போதும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். சட்டைத் துணி மைக்கில் உரசினாலும் அந்தக் கம்பி ஆடும். காலர் மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் குத்த வேண்டும். துப்பட்டாவோ டையோ அதன் மேல் புரளக்கூடாது. சத்தமாகப் பேசும் இடத்தில் அளவு மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். அந்த அளவுகோலின் உச்சம் பூஜ்யம்தான், அதைத் தொட்டு உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் பழையபடி ஆக்க முடியாது.

மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும், நம் ஊர் வெயிலில் இது கஷ்டம்தான். அதனால் ஒத்திகைக்கு விசிறி ஓடட்டும், டேக்குக்கு மட்டும் நிறுத்துங்கள். பேச்சு முடிந்ததும் எல்லாரும் அசையாமல் நின்று அந்த அறையின் வெறும் ஒலியை 30 விநாடி பதிவு செய்ய வேண்டும். வெட்டிய இடங்களை மூட அதுதான் கைகொடுக்கும்.

கேமரா அமைப்பில் நான்கை மாற்றக்கூடாது என்று எழுதிவிடுங்கள். படத்தின் அளவு 1080, விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு ஒளி விழும் நேரம்) விநாடியில் 50-இல் ஒரு பங்கு, ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ற நிறச் சமன்) கையால் வைத்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 60-இல் ஒரு பங்கு ஷட்டர் வைத்தால் டியூப் லைட் வெளிச்சம் பட்டைப் பட்டையாக ஓடும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் ஜன்னல் பக்கம் திரும்பும்போது முகத்தின் நிறம் மாறும். ஒவ்வொரு ஷாட்டிலும் நடிப்புக்கு முன்னும் பின்னும் 5 விநாடி ஓடவிட வேண்டும். வெட்டுபவருக்குப் பிடி வேண்டுமே.

மதிப்பெண்: திட்டம், ஷாட் பட்டியல் 25, படப்பிடிப்பு ஒழுங்கு 20, ஒலி 20, எடிட்டிங் 20, ஒவ்வொருவரின் தனி லாக் ஷீட் (தான் செய்த வேலையின் குறிப்பு) 15. முதல் வேலை ஒரு நிமிடப் படம், அதிகபட்சம் 12 ஷாட். ஷாட் பட்டியலில் ஆசிரியர் கையெழுத்து இல்லாமல் கேமரா தராதீர்கள். 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்று போகும் குழு நாற்பது நிமிடத்தை வாக்குவாதத்தில் கழித்துவிடும். இயக்குநர், கேமரா, ஒலி, எடிட்டிங் என்ற நாலு வேலையும் ஒவ்வொரு படத்துக்கும் சுழல வேண்டும். இல்லையென்றால் வருஷம் முழுக்க ஒரே பிள்ளை கேமராவைப் பிடித்திருக்கும், இன்னொன்று பை தூக்கிக்கொண்டிருக்கும்.

சட்டப்பை

சினிமாப் பாட்டுக் கேள்விக்கு வருகிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் படியெடுக்க இடம் தருகிறது. ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையோர் மட்டும் உள்ள அவையில் போட்டுக் காட்டவும் வழி உண்டு. ஆனால் அந்தச் சலுகையை யூடியூப் வரை நீட்ட முடியாது. பாட்டை நம் பிள்ளைகளே பாடினாலும் மெட்டுக்கும் வரிக்கும் உரிமையாளர் இருக்கிறார். எனவே 'பள்ளிக்கு வெளியே போகும் படத்தில் சினிமாப் பாட்டு கிடையாது' என்று ஒரே வரியாக எழுதுங்கள். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும், எடுக்கும்போதே அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெற்றோர் ஒப்புதல் தாளில் மூன்று கட்டம் தனித்தனியாக இருக்கட்டும்: வகுப்பில் மட்டும், பள்ளி விழாவில், இணையத்தில். 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலையும் கேட்கிறது. இணையக் கட்டத்தில் டிக் இல்லாத பிள்ளைகளின் பட்டியல் கேமராப் பையிலேயே இருக்க வேண்டும். எடுத்து முடித்த பிறகு முகத்தை மறைத்துக்கொண்டிருப்பது வீண்வேலை, அந்தப் பிள்ளைக்கும் அது சங்கடம்.

இடம் பற்றி: மொட்டைமாடி விளிம்பு, கிணறு, குவாரி, ஓடும் பைக் கூடவே கூடாது. ரயில் தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது ரயில்வே சட்டப்படி குற்றம். அங்கே ரீல்ஸ் எடுக்கும் பழக்கம் பரவியிருப்பதால் பெயர் சொல்லியே எழுதுங்கள். கிண்டல் வீடியோ, ஒருவருக்குத் தெரியாமல் எடுப்பது, இரண்டுக்கும் எச்சரிக்கை என்ற படியே வேண்டாம். நேராகத் தலைமையாசிரியரிடம் போகட்டும்.

கரும்பலகை

மிக்க நன்றி. ஆய்வகம் பற்றியும் யாராவது சொல்லுங்கள். பழைய கணினிகள், லினக்ஸ். பென் டிரைவில் வேலை செய்துவிட்டு மறுநாள் திறந்தால் 'ஃபைல் இல்லை' என்கிறது.

வெட்டுமேசை

பென் டிரைவில் வைத்தே எடிட் செய்தால் அப்படித்தான் ஆகும். புராஜெக்ட் ஃபைலுக்குள் படம் இருக்காது, படம் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். ஃபுட்டேஜை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலோ பெயரை மாற்றினாலோ அது தேடித் தவிக்கும். குழுவுக்கு ஒரு கணினி, அதில் ஒரு ஃபோல்டர், உள்ளே ஃபுட்டேஜ், ஒலி, புராஜெக்ட், முடிந்த படம் என்று நாலு பிரிவு வையுங்கள். எட்டுக் குழு போக மிஞ்சும் இரண்டு கணினியில் நகல் இருக்கட்டும். கார்டை அழிக்கும் முன் நகலைத் திறந்து ஓட்டிப் பார்த்தேன் என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும். அழிப்பதும் கேமராவுக்குள் ஃபார்மேட் செய்துதான், கணினியில் டெலீட் கொடுத்து அல்ல.

இடம் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். விநாடிக்கு 50 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 375 எம்பி. 20 நிமிட ஃபுட்டேஜ் 7.5 ஜிபி. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள்.

லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு, பல கேமராக்கள் பதியும் சாதாரண எச்.264 வகை வீடியோவைத் திறக்காது. கேடென்லைவ் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளைப் போடுங்கள். அதில் 'பிராக்ஸி' வசதியை (எடிட் செய்ய மட்டும் சிறிய நகலைப் பயன்படுத்துவது) இயக்கினால் பழைய கணினியிலும் திணறாது. டைட்டிலுக்கு யூனிகோட் எழுத்துரு மட்டும் என்பதையும் விதியில் சேருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த டைட்டில், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். 'கொ' என்ற எழுத்தில் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றனவா என்று முடிந்த படத்திலும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.