குத்து வாங்கியும் சிலர் அசையாமல் நிற்பது எப்படி?

கேள்வி (குன்னூர்):
அனைவருக்கும் வணக்கம். வெலிங்டன் அருகே ஓராண்டாகக் குத்துச்சண்டை பழகி வருகிறேன். என்னைவிட நான்கு கிலோ எடை குறைந்த நண்பர் ஒருவர், முகத்தில் நேராக விழும் குத்தையும் வாங்கிக்கொண்டு உடனே திருப்பி அடிக்கிறார். எனக்கோ போன வாரம் பக்கவாட்டில் வந்த ஹூக் ஒன்று தாடையில் பட்டதுமே முழங்கால் மடங்கிவிட்டது. இது பிறவியிலேயே அமைவதா? அடி வாங்கி வாங்கித்தான் தலை பழகும் என்று உடன் பழகுவோர் சொல்வது சரிதானா?

பதில் (முன்னாள் படைவீரர், அருவங்காடு):
தம்பி, அது சரியல்ல. வயிறும் விலாவும் பயிற்சியால் இறுகும்; மூளை இறுகாது. தாடையின் ஓரத்தில் படும் குத்து தலையைச் சட்டென்று சுழற்றும்போது, மண்டையோடு திரும்பும் வேகத்துக்கு மூளை ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கி முறுக்கிக்கொள்வதால்தான் கால் துவள்கிறது. நேராக விழும் குத்தில் இந்தச் சுழற்சி குறைவு என்பதால், நண்பர் வாங்கியதையும் நீங்கள் வாங்கியதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

உடல்வாகுக்கும் பங்கு உண்டு. கனடாவின் ஜார்ஜ் சுவாலோ 93 தொழில்முறைப் போட்டிகளில் ஒருமுறைகூடத் தரையில் விழவில்லை. 1966இலும் 1972இலும் முகமது அலியே முயன்றும் அவரை வீழ்த்த முடியவில்லை. ஆனால் கண்ணால் பார்த்து வாங்கும் குத்துக்குக் கழுத்து முன்கூட்டியே விறைத்துக்கொள்வதால், தலை தனியாக ஆடாமல் உடம்போடு சேர்ந்து நகரும். பார்க்காத குத்துதான் ஆளைச் சாய்க்கும். அடுத்தமுறை உங்கள் நண்பரின் கண்ணையும் தாடையையும் கவனியுங்கள்.

பதில் (இயன்முறை மருத்துவர், ஊட்டி):
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முழங்கால் மடங்கியதே மூளை அதிர்ச்சியின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவர் அனுமதிக்கும்வரை ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) வேண்டவே வேண்டாம், ஏனெனில் முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெட்கார்ட் எனும் தலைக்கவசம் தோல் கிழிவதைக் குறைக்குமே தவிர, இந்தச் சுழற்சியைத் தடுக்காது. கழுத்துத் தசைகளுக்கு எல்லாப் பக்கமும் படிப்படியாகப் பயிற்சி கொடுங்கள். எடை குறைக்கத் தண்ணீரைக் குறைப்பவர்களுக்கும் தாங்கும் திறன் குறைகிறது; நம் மலைக்குளிரில் தாகமே தெரியாது என்பதால் கூடுதல் கவனம் தேவை.

1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில், அப்போதைய உலகச் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேனின் குத்துகளை மேடைக் கயிற்றில் சாய்ந்தபடி தாங்கி, எட்டாவது ரவுண்டில் அவரை வீழ்த்திய அலிக்கு, 1984இல் பார்க்கின்சன் எனும் நடுக்க நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. நன்றாகத் தாங்குபவரே அதிகம் வாங்கிவிடுகிறார் என்பதுதான் என் கவலை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நாளை மருத்துவரைப் பார்க்கிறேன். இன்று காலை ஓரமாக உட்கார்ந்து நண்பரைக் கவனித்தேன்: பல்காப்பைக் கடித்து, தாடையை இடது தோளுக்குள் புதைத்தபடி, எதிராளியின் மார்பிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். அந்த ஹூக் வந்தபோது நான் தாடையைத் தூக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.