டெலிடெக்ஸ்ட்: படத்தைச் சேமித்தால் போதாதா?

நாடாப்பித்தன் (இரவு 8:40)
பழைய விஎச்எஸ் நாடாவிலிருந்து மீட்டெடுத்த சீஃபேக்ஸ் பக்கங்களை ரெண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக: பிபிசி 1974 செப்டம்பர் 23இல் தொடங்கி 2012 அக்டோபர் 23இல் மூடிய டெலிடெக்ஸ்ட் சேவை அது. ரிமோட்டில் 100 என்று அழுத்தினால் டிவி திரையில் கட்டம் கட்டமாகச் செய்தி, வானிலை, கால்பந்து முடிவு எல்லாம் வரும். இணையம் கிடையாது. அனலாக் டிவி சிக்னலில் ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் கண்ணுக்குத் தெரியாத சில கோடுகள் உண்டு. அதில்தான் இந்தப் பக்கங்களை ஏற்றி அனுப்பினார்கள். வீட்டில் நாடகம் பதிந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் அன்றைய டெலிடெக்ஸ்டையும் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பரணில் 80, 90களின் வெளிநாட்டு நாடா கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

குளத்தங்கரை (8:58)
ஏன் போடக் கூடாது? 1994இல் ஏதோ ஒரு வியாழக்கிழமை மான்செஸ்டரில் மழை பெய்ததா இல்லையா என்பதை மீட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? நல்ல பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட் இணையத்தில் நிறையக் கிடக்கிறது. மீதியெல்லாம் நேற்றைய பேப்பர். பஜ்ஜி மடிக்கக்கூட உதவாத பேப்பர்.

நாடாப்பித்தன் (9:05)
உ.வே.சா. ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தபோதும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

குளத்தங்கரை (9:07)
எத்தனையாவது பதிவில் உ.வே.சா. வருவார் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். மூன்றாவதிலேயே வந்துவிட்டார். ஐயா, அவர் தேடியது சிலப்பதிகாரம். நீங்கள் தேடுவது பங்குச் சந்தை நிலவரம்.

எட்டுநிறம் (9:21)
ஸ்கிரீன்ஷாட் போதும் என்கிற இடத்தில்தான் எனக்குச் சண்டை. டெலிடெக்ஸ்ட் பக்கம் படமே இல்லை. வரிக்கு 40 கட்டம், மொத்தம் 24, 25 வரி, கட்டத்துக்கு 7 பிட் (0 அல்லது 1 என்ற குறி). ஒரு பக்கம் ஒரு கிலோபைட்டுக்குள் முடிந்துவிடும். அதை டிவிக்குள் இருக்கும் சில்லுதான் படமாக மாற்றுகிறது. மின்னும் எழுத்து ஸ்கிரீன்ஷாட்டில் மின்னாது. 'ரிவீல்' பொத்தானை அழுத்தினால் மட்டும் தெரியும் மறைவெழுத்து அதில் இருக்கவே இருக்காது. 1993 முதல் 2003 வரை பிரிட்டனில் 'டிஜிட்டைசர்' என்று ஒரு வீடியோ கேம் இதழ் டெலிடெக்ஸ்டிலேயே வந்தது. பாதி குறும்பு அந்த மறைவெழுத்தில்தான். ஸ்கிரீன்ஷாட்டில் கேள்வி மட்டும் இருக்கும், நக்கல் போய்விடும்.

குளத்தங்கரை (9:30)
அப்படியென்றால் அந்த இதழை மட்டும் மீளுங்கள். கலை என்று சொல்லத் தக்கதைச் சேமிப்பதில் எனக்கு மறுப்பில்லை. எல்லாவற்றையும் அள்ளிக் குவிப்பதைத்தான் கேட்கிறேன்.

நாடாப்பித்தன் (9:48)
பொறுக்கி எடுக்க முடியாதே, அண்ணே. மீட்பு நடக்கும் விதத்தைப் பாருங்கள். டெலிடெக்ஸ்ட் தரவு நொடிக்கு 69 லட்சம் பிட்டுக்கு மேல் ஓடுகிறது. விஎச்எஸ் நாடாவுக்கு அவ்வளவு நுணுக்கமாகப் பதியும் திராணி கிடையாது. ஒவ்வொரு பிட்டும் பக்கத்து பிட்டோடு குழைந்து, கஞ்சியாகத்தான் நாடாவில் இருக்கும். அதே நாடாவை டிவியில் ஓட்டிப் பக்கத்தைக் கேட்டால் குப்பை எழுத்து வரும். இப்போது எழுதியிருக்கும் மென்பொருள், எந்த பிட் வரிசை இப்படிக் குழைந்திருக்கும் என்று ஒப்பிட்டு ஊகிக்கிறது. ஊகம் தப்பலாம். ஆனால் டெலிடெக்ஸ்ட் ராட்டினம் மாதிரி, எல்லாப் பக்கமும் சுற்றிச் சுற்றித் திரும்ப வரும். ஒரு மணி நேர நாடாவில் ஒரே பக்கம் பல தடவை வந்திருக்கும். அத்தனை பிரதியையும் அடுக்கி, பெரும்பான்மை எந்த எழுத்துக்கு என்று பார்க்கிறார்கள். ஆக முழு ஓட்டத்தையும் அள்ளினால்தான் நீங்கள் கேட்கும் அந்த ஒரு பக்கமும் சரியாகக் கிடைக்கும். மான்செஸ்டர் மழை கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று: பிரிட்டனில் காது கேளாதோருக்கான வசனமும் 888ஆம் பக்கமாக இதே வழியில்தான் போனது. அதையும் குப்பையில் சேர்க்கச் சொல்கிறீர்களா?

குளத்தங்கரை (9:55)
888 நல்ல வாதம். ஒத்துக்கொள்கிறேன். மற்றது இன்னும் இல்லை.

ஜூரோங்வாசி (10:12)
எங்க ஊர்ல டெலிடெக்ஸ்ட் 1983ல வந்து 2013ல போச்சு. சிங்கப்பூர்ல எங்க அப்பா காலைல காப்பி குடிச்சுக்கிட்டே பங்கு விலை பார்க்கிறது அதுலதான். வேண்டிய பக்கம் சுத்தி வர்றதுக்குள்ள காப்பி ஆறிடும், அப்பவும் சேனலை மாத்த விடமாட்டாரு.

விஷயம் அது இல்ல. அம்மா தமிழ் நாடகமா பதிஞ்சு வச்சிருந்த 20, 25 நாடாவைப் போன வருஷம் ஒரு கடையில கொடுத்து எம்பி4 ஆக்கினேன். நாடாவை என்ன பண்றதுன்னு கேட்டாங்க, தூக்கிப் போட்டுடுங்கன்னு நானேதான் சொன்னேன். அந்த எம்பி4ல இருந்து எடுக்க முடியுமா?

நாடாப்பித்தன் (10:15)
முடியாதுங்க. கடையில் திரையில் தெரியும் படத்தை மட்டும்தான் பிடிப்பார்கள். டெலிடெக்ஸ்ட் இருக்கும் கோடுகள் அதற்கு மேலே. வெட்டிவிட்டுத்தான் கோப்பு ஆகும்.

ஜூரோங்வாசி (10:16)
ஓ.

ஜூரோங்வாசி (10:24)
நாடகம் இருக்கு, சரி. ஆனா அப்பா பார்த்த பக்கம் அந்தக் கருப்பு நாடாவுக்குள்ள இருந்திருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது. குளத்தங்கரை சார், பங்குச் சந்தை நிலவரம்னு சொன்னீங்களே, அதேதான்.

குளத்தங்கரை (10:41)
வருத்தமாக இருக்கிறது, அம்மா. உங்களுக்காகச் சொன்னதல்ல. ஆனால் இந்த வருத்தத்தை எல்லோருக்குமான ஆவணக் கொள்கை ஆக்கிவிட முடியுமா? வீட்டுக்கு வீடு அப்பா இருந்தார், காப்பி இருந்தது.

எட்டுநிறத்திடம் ஒரு கேள்வி. பழையதை விடுங்கள். இன்றும் இதில் படம் வரைகிறார்களே, அது ஏன்? எட்டே நிறம், பொம்மைக் கட்டம். குறுகலான விதி என்பதாலேயே கலை ஆகிவிடுமா? தளை தட்டாத வெண்பா எல்லாம் கவிதையா?

எட்டுநிறம் (11:09)
ஆகாது. மோசமான டெலிடெக்ஸ்ட் படம் ஏராளம், நானே நிறைய வரைந்திருக்கிறேன். பின்லாந்துக் கலைஞர்கள் 2012இலிருந்து சர்வதேச டெலிடெக்ஸ்ட் கலை விழா நடத்தினார்கள். அதில் வந்த எல்லாமும் காவியம் இல்லை. எனக்குப் பிடித்தது வேறு: அந்தப் பக்கங்கள் ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சி மாதிரி நிஜ ஒளிபரப்பில் போயின. வானிலை பார்க்க வந்த ஒருவர் எண்ணைத் தப்பாக அழுத்தி ஓவியத்தில் விழுந்திருக்கலாம்.

விதி பற்றி: நீங்கள் நினைப்பது போல வெறும் பெரிய பிக்சல் இல்லை. ஒரு கட்டத்துக்குள் அகலத்தில் 2, உயரத்தில் 3 என்று 6 துண்டு. நிறம் மாற்ற ஒரு குறியீடு வேண்டும், அந்தக் குறியீடும் ஒரு முழுக் கட்டத்தைத் தின்னும். சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் வைக்க வேண்டுமென்றால் நடுவில் ஓட்டை விழும். அந்த ஓட்டை நிழலாகவோ மூக்காகவோ தெரியும்படி வரைகிறவர்தான் கைதேர்ந்தவர். எப்படி மறைத்தார் என்பது ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாது, தரவைத் திறந்தால்தான் தெரியும்.

சும்மா வாதாடுவதைவிட ஒரு தடவை வரைந்து பாருங்கள். எடிட்.டிஎஃப் என்று ஒரு தளம், உலாவியிலேயே ஓடும். வரைவது முழுக்க அந்தப் பக்கத்தின் முகவரிக்குள்ளேயே எழுத்தாகச் சேர்ந்துவிடும்.

குளத்தங்கரை (11:14)
எனக்கு வேலையே இல்லை என்று முடிவு பண்ணிவிட்டீர்கள்.

நாடாப்பித்தன் (11:20)
ராஸ்பெரி பை என்கிற கையடக்கக் கணினி ஒன்றும் பழைய குழல் டிவியும் இருந்தால் வரைந்ததை ரிமோட்டில் எண் அழுத்தியே பார்க்கலாம். அதன் வீடியோ வெளியீட்டில் அந்த மேல்கோடுகளை உருவாக்கும் மென்பொருள் இருக்கிறது. என் வீட்டில் ஒரு டிவி அதற்கென்றே ஓடுகிறது. மனைவி கேட்கும் கேள்விகள் குளத்தங்கரை அண்ணன் கேட்பதைவிடக் கடுமை.

குளத்தங்கரை (மறுநாள் காலை 6:10)
ராத்திரி ஒன்றரை மணி வரை உட்கார்ந்தேன். 'ழ' ஒன்று போடலாம் என்று பார்த்தேன், பாதி சிவப்பு, பாதி மஞ்சள். ஒவ்வொரு வரியும் வெள்ளை எழுத்தாகத்தான் தொடங்கித் தொலைக்கிறது, அதனால் முதல் கட்டம் போச்சு. நிறம் மாறும் இடத்தில் கருப்பாக ஒரு பல் விழுந்த ஓட்டை. வேறு யாரோ வரைந்த பக்கத்தைத் திறந்து குறியீடுகளைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். அந்த ஆள் ஓட்டையே தெரியாமல் பண்ணியிருக்கிறார். எப்படி?

மான்செஸ்டர் மழை பற்றி என் கருத்து மாறவில்லை. இதை மட்டும் சொல்லுங்கள்.

எட்டுநிறம் (6:32)
'ஹோல்ட்' என்று ஒரு குறியீடு உண்டு. வரியில் நிறம் மாறுவதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். ஓட்டை விழ வேண்டிய இடத்தில் முந்தைய கட்டத்தின் உருவம் நிற்கும்.

குளத்தங்கரை (6:51)
போட்டேன். முந்தைய உருவம் நிற்கிறது, சரி. இப்போது என் ழவுக்கு இரண்டு வால்.

எட்டுநிறம் (6:53)
முகவரியை இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.

குளத்தங்கரை (6:55)
ஒட்டினால் ஆயிரம் எழுத்துக்கு மேல் போகிறது. மாடரேட்டர் திட்டினால் உங்கள் பெயரைச் சொல்வேன்.