கீமோ முடிந்து எட்டு மாதம், இன்னும் ஒரு புடவை மடிக்கத் தெம்பில்லை

மஞ்சக்குப்பம்காரி:
வயது 46. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது, இப்போது நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை மட்டும்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் இந்த அசதி போவேனா என்கிறது. நேற்று கொடியில் காய்ந்த புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன், பாதியில் கை ஓய்ந்துவிட்டது, அதை மடியில் போட்டுக்கொண்டு மாடிப்படியிலேயே அரை மணி உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணி நேரம் தூங்கினாலும் எழுந்திருக்கும்போதே களைப்பு. மாமியார் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, ஆனால் போனில் யாரிடமோ "அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன" என்றது காதில் விழுந்தது. யாருக்காவது இப்படி இருந்ததா? எத்தனை நாளைக்கு?

லாஸ்பேட்டை 58:
தங்கச்சி, இது சோம்பேறித்தனம் இல்லை. தூங்கினால் தீராத அசதி, சிகிச்சை முடிந்த பிறகு சிலருக்கு மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட இருக்கும். ஆனால் "போகப் போகச் சரியாகும்" என்று யார் சொன்னாலும் அதோடு விடாதீர்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்குத் தொண்டையில் ரேடியேஷன், அதில் தைராய்டு படுத்துவிட்டது, அது தெரியாமல் ஒரு வருஷம் என்னையே திட்டிக்கொண்டு இருந்தேன். இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, காபி அப்புறம்தான், அதுதான் கொடுமை!
இன்னொன்று நடை. முதல் வாரம் இங்கே புதுச்சேரி பீச் ரோட்டில் காந்தி சிலையிலிருந்து ஐந்தே நிமிஷம், சுவரில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இப்போது டூப்ளே சிலை வரை போகிறேன், சாயந்திரம் வண்டி விடமாட்டார்கள் என்பதால் நிம்மதி. உங்கள் கடலூரில் சில்வர் பீச் மணலில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், கால் இழுத்துவிடும்.

நெல்லிக்குப்பம் மகள்:
அக்கா, எங்கள் அம்மாவுக்கும் இதே கதை. மாதுளை ஜூஸ் கொண்டுவராத சொந்தக்காரர் பாக்கியில்லை, ஆனால் அம்மாவைக் கவிழ்த்தது நல்ல நாள்தான். என்றைக்காவது தெம்பாக இருந்தால் அன்றைக்கே மாவு அரைத்து, பரண் துடைத்து, போர்வையெல்லாம் துவைத்து, மூன்று நாள் படுத்துவிடுவார். கடைசியில் நான் காலண்டரில் எழுத ஆரம்பித்தேன், எந்த நேரம் தெம்பு, எந்த நேரம் சோர்வு என்று. காலை எட்டிலிருந்து பத்துதான் அம்மாவின் நேரம் என்று தெரிந்தது. பெரிய வேலை ஒன்று அப்போது, காய் நறுக்குவது உட்கார்ந்து, பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் கிடையாது. மனசு சரியில்லை என்றாலும் அசதி கூடும், அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ அது வேறு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மஞ்சக்குப்பம்காரி:
அண்ணா, தைராய்டு யாரும் பார்க்கவே இல்லை, திங்கட்கிழமை கேட்கிறேன். காலண்டர் இன்றைக்கே ஆரம்பித்தாச்சு. மைதானத்தை ஒரு சுற்று சுற்றலாம் என்று போய், கால் சுற்றில் திரும்பிவிட்டேன். அதுவும் கணக்கில் சேருமா?

லாஸ்பேட்டை 58:
சேரும். நாளைக்கும் அதே கால் சுற்றுதான், கூட வேண்டாம்.